டிஸ்க் செத்துப்போச்சும்மா

கணவனை இழந்த பெண்களிடம் பேசுவதற்கென்றே கடைக்காரர்கள் ஒரு குரல் வைத்திருக்கிறார்கள். பாதி இரக்கம், பாதி எடைபோடுவது. செவிலிமேட்டில் லேப்டாப் ரிப்பேர் கடை நடத்திய பிரேம்நாத்துக்கு அந்தக் குரல் பிரமாதமாக வரும்.

"உக்காருங்கம்மா. சாரோடதா? பாவம், நல்லா உழைச்சிருக்குது."

தயாவதி உட்கார்ந்தாள். மேசைமேல் அவள் வைத்த லேப்டாப் கிழடுதட்டியிருந்தது. ஒரு பக்கத்துக் கீல் விட்டுப்போய், மூடி ரப்பர் பேண்டின் தயவில் நின்றது.

"ஆன் பண்ணா கருப்பா இங்கிலீஷ்ல ஏதோ வந்து நின்னுக்கினு இருக்குதுப்பா. உள்ள இருக்கறது எனக்கு வேணும்."

"உள்ள என்னம்மா இருக்குது?"

"தெரியலை. அவரு பேரைக் காப்பாத்தற மாதிரி ஏதாவது இருக்குமான்னு பாக்கணும்."

பிரேம்நாத்துக்கு விஷயம் தெரியும். காஞ்சிபுரத்தில் யாருக்குத்தான் தெரியாது? அவள் கணவர் சந்திரப்பிரபு, கலியாணசுந்தரத்தின் பட்டு நிறுவனத்தில் கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போட்டுக்கொண்டிருந்தவர். இன்னும் தறி ஏறாத டிசைன்களை அவர் திருடிவிட்டார் என்று முதலாளி புகார் கொடுத்தார். போலீஸ் இதே லேப்டாப்பை எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடுத்தது. வழக்கு முடிவதற்குள் மனிதர் மாரடைப்பில் போய்விட்டார். திருடன் என்ற பேர் மட்டும் போகவில்லை. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் அப்பா பேரைக் கேட்டதும் காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள்.

பிரேம்நாத் திருகாணிகளைக் கழற்றினான். ஹார்டு டிஸ்க்கை வெளியே எடுத்துக் காதருகே வைத்து, வைத்தியர் மாதிரி உதட்டைப் பிதுக்கினான்.

"நாளைக்கு வாங்கம்மா. பொழுது சாயுது. இருட்டினா நீங்க சாப்பிட மாட்டீங்களே."

திருப்பருத்திக்குன்றத்து ஜைன வீடுகளின் வழக்கம் அது. பக்கத்தில் உட்கார்ந்து வேலையைக் கவனிப்பவர்களைக் கிளப்ப, ஆளுக்கேற்ற அக்கறை ஒன்று அவனிடம் எப்போதும் கைவசம் இருக்கும்.

அவள் போனதும் டிஸ்க்கைக் கடைக் கம்ப்யூட்டரில் மாட்டினான். அதற்கு ஒரு கேடும் இல்லை. செருகிய இடத்தில் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். திறந்தால், உள்ளே யாளி, இருதலைப் பட்சி, தாழம்பூ என்று பார்டர் பார்டராக டிசைன்கள். ஒன்றுகூட இதுவரை கடைக்கு வராதவை.

அப்படியானால் அந்த ஆள் திருடியதுதான். பிரேம்நாத்துக்குச் சிரிப்பு வந்தது. போலீஸ் பார்த்த லட்சணமும், பெண்டாட்டி நம்பிய லட்சணமும்.

மறுநாள் துக்க முகத்துடன் சொன்னான். "டிஸ்க் செத்துப்போச்சும்மா. ஒண்ணுமே எடுக்க முடியலை. புதுசு மாட்டியிருக்கேன், நல்லா வேகமா ஓடும்."

எவனுடையதோ செத்த டிஸ்க் ஒன்றைக் கவரில் போட்டு, "இதாம்மா சாரோடது. ஞாபகத்துக்கு வச்சிக்கோங்க" என்று நீட்டினான். தயாவதி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சிரிப்பை மறைக்க அவன் பின்பக்கம் திரும்பி எதையோ தேட வேண்டியிருந்தது.

டிசைன்களை விசைத்தறிக்காரர் கைலாசத்திடம் விற்றான்.

"எங்கடா புடிச்ச? தெரிஞ்ச ஆளு கை மாதிரி இருக்குதே."

"உனக்கு டிசைன் வேணுமா, போட்டவன் ஜாதகம் வேணுமா?"

கைலாசத்துக்கு டிசைன்தான் வேண்டியிருந்தது.

இருவருக்கும் தெரியாதது ஒன்று. கலியாணசுந்தரம் வீட்டில் புது பார்டர் போட்டால் முதல் சேலை காமாட்சியம்மனுக்கு. அம்மனுக்குச் சாத்தும்வரை அதில் இன்னொன்று நெய்ய மாட்டார்கள். நவராத்திரிக்கென்று வைத்திருந்த யாளி பார்டரை, ஒரு கல்யாணப் பந்தியில் பாயசம் ஊற்ற வந்த பெண்ணின் சேலையில் அவர் பார்த்தார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்.

அந்தச் சேலை வாங்கிய கடையை விசாரித்த போலீஸ் கைலாசத்திடம் வந்தது; கைலாசம் பிரேம்நாத்தைக் காட்டினார். பிரேம்நாத்தின் மேசை இழுப்பறையில் டிஸ்க் இருந்தது.

"சார், இது அந்த அம்மா வீட்டுக்காரரோட டிஸ்க் சார். டிசைன் எல்லாம் உள்ளயே இருந்துச்சு."

"அப்ப அந்த அம்மாகிட்ட நீ குடுத்த டிஸ்க் யாரோடது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

இன்ஸ்பெக்டர் டிஸ்க்கை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதை இதே மேசையில வச்சு நானே பார்த்தேன்டா. ஒரு டிசைனும் கிடையாது. அப்புறம் ஆளும் செத்துட்டாரு. செத்தவரு எழுந்து வந்து ஏத்திட்டுப் போனாரா? கலியாணசுந்தரம் ஆபீஸ் கம்ப்யூட்டரை ரிப்பேர் பாக்கறதும் நீதானே?"

அதுவும் அவன்தான்.

கலியாணசுந்தரம் தயாவதியின் வீட்டு வாசலுக்கே வந்து, தெருவே பார்க்கக் கைகூப்பினார். "உங்க வீட்டுக்காரரைத் தப்பா நினைச்சுட்டேம்மா. பாவம், அந்தப் பேரோடவே போயிட்டாரு." அவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள்.

வாக்குமூலத்தில் அவள் கையெழுத்துப் போடும்போது இன்ஸ்பெக்டர் பரிதாபமாகக் கேட்டார்.

"ஊர் முழுக்க ரிப்பேர் கடை இருக்குது. போயும் போயும் இவன்கிட்டயாம்மா குடுப்பீங்க? நாலு பேரை விசாரிச்சிருக்கக் கூடாதா?"

"விசாரிச்சுட்டுத்தான் சார் குடுத்தேன்" என்றாள் தயாவதி.

நல்ல டிஸ்க் கையில் கிடைத்தால் பிரேம்நாத் திருடாமல் விடவே மாட்டான் என்று ஊரெல்லாம் விசாரித்து உறுதிசெய்துகொண்ட பிறகுதான், கணவர் திருடி அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்திருந்த பென் டிரைவை எடுத்து, அதிலிருந்த டிசைன்களை அவள் அந்த லேப்டாப்பில் ஏற்றினாள்.