தலை நிமிராத கிராணி

"அந்த ஆளுக்குக் கழுத்துன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?"

அய்யாவு கேட்டதும் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

பிரிக்பீல்ட்ஸில் வெள்ளைக்காரக் கம்பெனியின் பெரிய பட்டறை அது. ஆளுக்கொரு பித்தளை வில்லை, அதில் ஒரு நம்பர். காலையில் சங்கு ஊதியதும் வாசல் சன்னலில் அதை நீட்டவேண்டும். உள்ளே வருகைக் கணக்கு எழுதும் ஸ்டானிஸ்லாஸ் கிராணி குனிந்தபடியே நம்பரைப் பார்ப்பார். "ம், நகரு" என்பார். யார் முகத்தையும் அவர் பார்த்ததே கிடையாது.

"நாம மனுஷனா, நம்பரா? மாடு மேய்க்கிறவன்கூட அது மூஞ்சியைப் பாக்கிறான்!"

அய்யாவுக்கு ஆத்திரம் ஒரு பக்கம். அந்தத் தலை எதற்காவது நிமிருமா என்ற குறுகுறுப்பு ஒரு பக்கம். ஒரு நாள் வில்லையை நீட்டும்போது நாக்கையும் முழுசாக நீட்டிக் காட்டினான்.

"ம், நகரு."

அட, போய்யா!

மறுநாளே அய்யாவு காய்ச்சலில் விழுந்தான். உடம்பு தூக்கிப்போட்டது. ஆனாலும் எழுந்து உட்கார்ந்து சட்டையைத் தேடினான். ஊரெல்லாம் ஆள் குறைப்பு நடந்த நேரம். வேலைக்கு வராதவன் வில்லை அடுத்த ஆளுக்குப் போய்விடும். வேலை போனால் கப்பலேறி ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

"உசிரை விட்டுடாதீங்க. உங்க வில்லையோட தம்பி போகட்டும்," என்றாள் மனைவி ராஜம்மா.

அவள் தம்பி சின்னையா. டெங்கில் ரப்பர் தோட்டத்தில் வேலை போய் இங்கே வந்திருந்தவன். அய்யாவு குள்ளம், பெரிய மீசை. சின்னையா நெட்டை, மீசையே இல்லை.

"மாட்டினா ரெண்டு பேருமே தொலைஞ்சோம், மச்சான்," என்றான் சின்னையா.

"அந்த ஆளு நிமிர்ந்தாத்தானே! தைரியமா போ."

சாயங்காலம் சின்னையா வேர்த்து விறுவிறுத்து வந்தான்.

"துரை கிராணி பக்கத்திலேயே நின்னாரு மச்சான்! எனக்கு உயிரே இல்லை. கிராணி குனிஞ்ச தலை நிமிரலை. 'ம், நகரு நகரு'ன்னு கத்தி உள்ளே விரட்டிட்டாரு."

போர்வைக்குள் அய்யாவு விழுந்து விழுந்து சிரித்தான். "நான் சொல்லலை? மடையன்! ஒரு எருமையை அனுப்பினாலும் நகருன்னு சொல்வான்."

காய்ச்சல் விடும்வரை சின்னையாதான் போனான்.

ஞாயிற்றுக்கிழமை செந்தூல் பாசாரில் மீன் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு குரல்.

"அய்யாவு, காய்ச்சல் விட்டுச்சா?"

ஸ்டானிஸ்லாஸ் கிராணி! மாதா கோயில் பூசை முடிந்து கூடையோடு நின்றார்.

"எனக்கா? எனக்கு ஏதுங்கய்யா காய்ச்சல்? தினமும் வேலைக்கு வந்தேனே!"

"வந்தே, வந்தே. மீசையை எடுத்துட்டு, ஒரு முழம் வளர்ந்து வந்தே."

"ஐயா, பொழப்பைக் கெடுத்துடாதீங்க..."

"சத்தம் போடாதே. உன் மச்சான்கிட்ட சொல்லு. அடுத்த தடவை வந்தா வலது கையாலே நீட்டணும். துரைக்கு நம்ம மூஞ்சியெல்லாம் ஒண்ணுதான். ஆனா நொட்டாங்கை கண்ணிலே பட்டுடும். அன்னிக்கு நான் கத்தாம இருந்தா பட்டிருக்கும்."

கிராணி கூடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்புறம், அன்னிக்கு நாக்கை நீட்டினியே, மாவு பூசின மாதிரி இருந்துச்சு. அப்பவே நினைச்சேன், நீ படுக்கப்போறேன்னு."

வெட்கம் பிடுங்கித் தின்றது அய்யாவுக்கு. ஆனாலும் அந்தக் குறுகுறுப்பு விடவில்லை.

"எல்லாத்தையும் பாத்திருக்கீங்க. அப்புறம் ஏங்கய்யா தலையை நிமிர்த்தவே மாட்டேங்கிறீங்க?"

கிராணி குனிந்து ஒரு மீனின் செவுளைத் திறந்து பார்த்தார்.

"நிமிர்ந்து பாத்துட்டா, ஆள் மாறியிருக்குன்னு நான் துரைகிட்ட சொல்லியாகணுமேப்பா."