கழற்றி வைத்த மூடி

“மூடியை மட்டும் தொட்டுடாதீங்க மாமா. உள்ளே காத்து போகணும்.”

மருமகள் சொல்லிவிட்டு உள்ளே போனாள். பெரியவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பக்கவாட்டு மூடி இல்லாமல், குடல் சரிந்ததுபோல வயர்கள் வெளியே தொங்கின. எதிரே ஒரு மேசை விசிறி. கூடத்தின் நடுவில் இப்படி ஒரு கோலம்.

நாலு மணிக்கு அவருடைய தம்பி வருகிறான். அவன் கட்டப்போகும் வீட்டுக்குள் நடந்து பார்ப்பதுபோல ஒரு படம் கேட்டிருந்தான். “என் மருமக செஞ்சு தருவா” என்று அவர் வாக்குக் கொடுத்துவிட்டார். அவர் வீட்டில் கொடுத்த வாக்கு இதுவரை பிசகியதில்லை. சின்னதாகப் பிசகினாலும் ஊரெல்லாம் சொல்லித் திரிய தம்பி காத்திருந்தான்.

கம்ப்யூட்டரோ பழசு. போன மாதம் பாதி வேலையில் அணைந்துபோய் மானத்தை வாங்கியது. அதன் போக்கில் விட்டால் இந்தப் படத்தை முடிக்க நாளைக் காலை ஆகிவிடும்.

அதனால்தான் விடிந்ததிலிருந்து மருமகள் அதன் வேகத்தை ஏற்றிக்கொண்டிருந்தாள். ஓவர்கிளாக் என்று பெயர் சொன்னாள். கொஞ்சம் ஏற்றுவாள், சூட்டைப் பார்ப்பாள். திரை உறைந்தால் ஒரு படி இறக்குவாள். மறுபடியும் ஏற்றுவாள். கம்ப்யூட்டர் மூச்சு வாங்கி இரைந்தது.

“நாலு மணிக்கு முடிஞ்சா போதாதா? ஏம்மா அதை இந்த விரட்டு விரட்டுற?”

அவள் சிரித்தாள். இன்னொரு படி ஏற்றினாள்.

மூன்று மணிக்குப் பெரியவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. செய்தித்தாள்களை அடுக்கினார். செருப்புகளை வரிசையாக வைத்தார். நாற்காலிகளை நேராக்கினார். கடைசியில் அந்தக் கோலத்தின் முன் வந்து நின்றார்.

தம்பி பார்த்தால் என்ன சொல்வான்? அண்ணன் வீட்டில் மூடி போட்ட கம்ப்யூட்டர் வாங்கக்கூட வக்கில்லை என்பான்.

மூடியைப் பொருத்தி இரண்டு திருகாணிகளையும் முடுக்கினார். விசிறியைத் தூக்கி விருந்தாளி நாற்காலிப் பக்கம் திருப்பி வைத்தார்.

தம்பி வந்தான். விசிறிக் காற்றில் சட்டையைத் தளர்த்திக்கொண்டு கறுத்துக் கிடந்த திரையைப் பார்த்தான்.

“என்ன அண்ணா, சத்தத்தையே காணோம்? நான் வேணா நாளைக்கு வரட்டுமா?”

அப்போதுதான் பெரியவருக்கு உறைத்தது. காலையில் அவ்வளவு இரைந்தது இப்போது மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தது.

மருமகள் வந்தாள். அவள் கண் மூடியில் பட்டது, பிறகு விசிறியில் பட்டது. பெரியவர் தரையைப் பார்த்தார்.

அவள் மௌஸைத் தொட்டாள்.

திரை விழித்தது. ஒரு வாசல் தெரிந்தது. கதவு திறந்தது. வெயில் விழுந்த கூடம், மாடிப்படி, அதற்கப்பால் ஒரு தாழ்ந்த நிலைவாசல். அந்த நிலையைக் கடக்கும்போது ஆறடித் தம்பி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலையைக் குனிந்துகொண்டான். பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தான்.

“நல்லவேளை, இப்பவே தெரிஞ்சுது. இல்லேன்னா தினமும் இடிச்சுக்கிட்டிருந்திருப்பேன். கெட்டிக்காரிம்மா நீ.”

வாசல்வரை போகும்போதும் அதையே சொல்லிக்கொண்டு போனான்.

அவன் தலை மறைந்ததும் பெரியவர் திருப்புளியோடு குனிந்தார்.

“காத்து படட்டும்மா. கொதிச்சுக்கிட்டிருக்கும்.”

“அது ரெண்டு மணிக்கே முடிச்சு ஆறிப்போச்சு மாமா. மூணு மணிக்கு நீங்க கூடத்தை ஒழுங்கு பண்ண ஆரம்பிப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா?”

பெரியவரின் கை அப்படியே நின்றது.

போன மாதம் இது அணைந்துபோன அன்று பக்கத்து வீட்டுக்காரர் வந்திருந்தார். அன்றும், வந்தவர் கண்ணில் படக்கூடாதென்று மூடியைப் போட்டது பெரியவர்தான். மட்டமான மெஷின் என்று அவர் திட்டியபோது, “ஆமா மாமா, சுத்த மோசம்” என்று அவளும் கூடச் சேர்ந்து திட்டினாள்.

இரண்டு திருகாணிகளையும் கழற்றினார். அவளைக் கையை நீட்டச் சொல்லி, அவற்றை உள்ளங்கையில் வைத்தார்.

“இது உன்கிட்டயே இருக்கட்டும்மா.”