நாலாவது ஆள்

"அசையாத, முத்து. நான் வாரேன்."

ஆன்லைன் கேமின் திரையில் குண்டடிபட்டுக் கிடந்த முத்துராஜை நோக்கி, தோட்டாக்களுக்கு நடுவே ஓடி வந்தான் 'பனித்துளி'. அணியின் நாலாவது ஆள். விளையாட்டுக்கு வைத்துக்கொண்ட பெயரைப் போலவே குரலும் மெல்லியது.

இயர்போனில் சவரியப்பன் சிரித்தான். முத்துராஜுடன் ஒரே ஆபீசில் வேலை பார்ப்பவன். "நர்ஸம்மா வந்துட்டாங்கடா! டேய் பனித்துளி, துப்பாக்கிய வச்சிட்டுப் போயி வாசல்ல கோலம் போடு."

"போன மாசம் ஒரு பொண்ணு சேந்துச்சுல்ல," என்றான் திருமயத்திலிருந்து ஆடிக்கொண்டிருந்த சிவசாமி. "நாம பேசுன பேச்சுல, ஒரே மேட்ச்ல அழுதுட்டு ஓடிருச்சு. இவன் என்னடா, எதுக்கும் அசைய மாட்டேங்கிறான்?"

பனித்துளி முத்துராஜின் காயத்துக்குக் கட்டுப் போட்டான். "எந்திரி முத்து. இங்கிட்டு வா, செவத்துக்குப் பின்னாடி."

"முத்து, ஒன் மைக்ல என்னடா எதிரொலி?" சவரியப்பன் எரிச்சல்பட்டான். "அவன் பேசுறது ரெண்டு தடவ கேக்குது."

"நெட்டு சரியில்ல," என்றான் முத்துராஜ். புதுக்கோட்டையின் ஞாயிற்றுக்கிழமை வெயில் மாடி அறைக் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. மின்விசிறி சுற்றியும் அவன் நெற்றி வேர்த்தது.

"அது கெடக்கட்டும். ஒன்னைய மட்டும் ஏன் இப்பிடிக் கொஞ்சுறான்? நீதானே இவனக் கூட்டியாந்த? ரெண்டு பேருக்கும் என்னடா நடக்குது?"

சிவசாமி நீளமாக விசிலடித்தான்.

சவரியப்பன் காதில் ஒன்று விழுந்தால் மறுநாளே ஆபீஸ் முழுக்கப் பரவிவிடும். அங்கிருந்து அம்மா காதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?

முத்துராஜ் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். "போடா, அவன் யாருன்னே எனக்குத் தெரியாது! ஏதோ ஒம்போது, கேம்ல வந்து ஒட்டிக்கிச்சு. இந்தா, இப்பவே தூக்குறேன் பாரு."

பட்டனை அழுத்தினான். அணியில் மூன்று பெயர்களே மிஞ்சின.

"இப்பதான்டா நீ ஆம்பள! வா, அடுத்த மேட்ச் போடுவோம்."

"எனக்குத் தல வலிக்குது. நீங்க ஆடுங்க."

மைக்கை அணைத்து இயர்போனைக் கழற்றினான். சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி ஏதாவது உண்டா என்று மனம் தவித்தது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முதுகுக்குப் பின்னால் ஒரு பையின் ஜிப் இழுபட்டது. தினமும் அவன் தலையைக் கோதிவிடும் கை, ஒரு கணம் உச்சியில் படிந்து விலகியது. அந்த மெல்லிய குரல் இப்போது இயர்போன் இல்லாமலே கேட்டது.

"ஒங்கம்மா கேட்டா, ரூம்மேட்டு காலி பண்ணிட்டான்னே சொல்லு முத்து."