இரண்டு கோல் வித்தியாசம்

செம்புத் தகட்டைத் தொட்ட நேரத்தில் ஜெயச்சந்திரனின் இடுப்பு அதிர்ந்தது.

பட்டாசு ஆலைக்குள் போகும் எவரும் அந்தத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறிய மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். போனை அதற்கு முன்பே வாசலில் ஒப்படைத்துவிட வேண்டும்.

வாசலில் சோதனை போடும் பாண்டிலட்சுமி, போன் பெட்டியின் பதினாலாம் அறையைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வைத்த போன் அங்கேதான் இருந்தது. எடுத்துப் பார்த்தாள். பேட்டரி இல்லாத பழைய பட்டன் போன்.

"இடுப்புல இருக்குறதை எடுங்க."

எடுத்தான். திரையைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

அமெரிக்காவில் எங்கோ நடக்கும் கால்பந்து ஆட்டம். மஞ்சள் சட்டைக்காரர்கள் இரண்டு கோல் வித்தியாசத்திலாவது ஜெயிப்பார்கள் என்று, சீட்டு ஒன்று முப்பத்தெட்டு ரூபாய் வீதம் பந்தய ஆப்பில் வாங்கிக் குவித்திருந்தான். வேனில் வரும்போது ஆட்டம் இரண்டுக்குப் பூஜ்யம், சீட்டின் விலை தொண்ணூற்றொன்றுக்கு ஏறியிருந்தது. அப்போது விற்கவில்லை. கடைசி விசில் வரை பொறுத்தால் முழுசாக நூறு கிடைக்குமே.

இப்போது, கடைசி நிமிடத்தில், எதிரணிக்குப் பெனால்டி. சீட்டு நாற்பதுக்குச் சரிந்துவிட்டது. இந்த நிமிடம் விற்றால் போட்ட பணமாவது தேறும். பந்து வலைக்குள் போய்விட்டால் ஒன்றும் மிஞ்சாது.

அவன் பொத்தானை அழுத்துவதற்குள் பாண்டிலட்சுமி போனைப் பறித்துவிட்டாள்.

வெடிமருந்து கலக்கும் அறைக்குள், முப்பது பெண்கள் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில், இதை மடியில் கட்டிக்கொண்டு போயிருப்பான். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வரிசையில் நின்ற பெண்கள் எதற்கும் கேலி பேசுகிறவர்கள். இன்று அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

போர்மேன் காசிராஜன்தான் சிரித்தார். "ஏலே, இன்னைக்கு ஒனக்குச் சோறு கெடையாதுலே."

பிறகு அவளிடம் குரலைத் தணித்தார். "குடுத்துருங்க. வெளிய போயி ரெண்டு நிமிசத்துல முடிச்சிட்டு வரட்டும். அவன் மருந்து கலக்கலைன்னா இன்னைக்கு லோடு போகாது."

போன மாதம் ராக்காயியின் போன் இப்படித்தான் பிடிபட்டது. மகன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், ஒரு தடவை பேசிவிட்டுத் தருகிறேன் என்று அழுதாள். பிடிபட்ட போன் சாயங்காலம் வரை பூட்டில்தான் என்று சட்டம் பேசியவர் இதே காசிராஜன்.

"ராக்காயி அழுதப்ப இந்த ரெண்டு நிமிசம் எங்கன இருந்துச்சு?" என்றாள்.



போனைக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்தாள். சாவியைத் துளைக்குள் நுழைத்தாள்.

ஜெயச்சந்திரன் அவள் காதருகே குனிந்தான். "ஆர்த்தி பீஸு பூராம் இதுலதான் கெடக்கு."

சாவி பாதியில் நின்றது.

கூரைக்கு மேல் காக்கை ஒன்று கத்திவிட்டுப் போனது. ராக்காயி வரிசையிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாண்டிலட்சுமி சாவியைத் திருகிப் பூட்டினாள்.

அவன் பற்களைக் கடித்துக்கொண்டு தகட்டை அறைந்தாற்போலத் தொட்டுவிட்டு உள்ளே போனான். அவள் அடுத்தவளைக் கூப்பிட்டாள்.

வரிசை முடிவதற்குள் அலமாரிக்குள் போன் ஒருமுறை ஒளிர்ந்து அணைந்தது. அவளுக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிக்க நேரம் பிடிக்கும். 2-1 என்பதையும், அதற்குக் கீழே இருந்த ஒற்றைப் பூஜ்யத்தையும் படிக்க அது தேவைப்படவில்லை.

காலேஜில் கட்டச் சொல்லி, கம்மலை அடகு வைத்த பணத்தை வியாழக்கிழமை காலையில் அவன் கையில் கொடுத்தவள் அவள்தான்.

சாயங்காலம் இருவரும் ஒரே வேனில் ஏறி, ஒரே வீட்டு வாசலில் இறங்க வேண்டும். பீஸ் கட்டிய ரசீதை வாங்க மகள் ஆர்த்தி அங்கே நின்றுகொண்டிருப்பாள்.