செத்துப் பிறந்தவை பதினொன்று

"மண்வெட்டி கொண்டாரச் சொல்லும் முன்சீப். புதைச்ச இடத்தத் தோண்டிப் பாக்கணும்," என்றார் சுகாதார இன்ஸ்பெக்டர் ஜெபமணி, பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே.

சாவடி வாசலில் நின்றிருந்த கூட்டத்தில் ஒரு பெண் விசும்பினாள். மண்வெட்டி எடுக்கக் கிளம்பிய தலையாரி ஒச்சாண்டி, பாதி வழியில் நின்று முன்சீப்பைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

கிராம முன்சீப் சங்கரலிங்கம் பதிவேட்டை மெல்லத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தார். இருபது வருஷமாக ஊரின் பிறப்பு இறப்பை எழுதுகிறவர் அவர்தான். அவர் எழுத்தில் யாரும் குற்றம் கண்டதில்லை. ஊரில் யாருக்கும் படிக்கத் தெரியாது.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தஞ்சு, முப்பத்தாறு. ரெண்டு வருசமா உயிரோட பிறந்ததுங்கற கட்டம் காலி. செத்துப் பிறந்ததுல மட்டும் பதினொண்ணு. பதினொண்ணுக்கும் ஒரே மருத்துவச்சி." ஜெபமணியின் விரல் மூக்கம்மாளை நோக்கி நீண்டது. "ஏம்மா, அழுதுச்சா?"

"எதுங்கய்யா?"

"ஏதாவது ஒண்ணு! ஒரே ஒரு தரம் மூச்சு விட்டாலும் உயிரோட பிறந்ததுன்னுதான் எழுதணும். சர்க்கார் உத்தரவு. பெறகு அது தானாச் செத்துச்சா, யாரும் கழுத்த நெரிச்சாகளாங்கறது போலீஸ் பாடு."

மூக்கம்மாள் முன்சீப்பைப் பார்த்தாள். முன்சீப் கூரையைப் பார்த்தார்.

"அழலய்யா."

"பதினொண்ணுமா?"

"ஒண்ணுகூட அழல. ரொம்ப அடக்கமான பிள்ளைக."

ஜெபமணி சிரிக்கவில்லை. பையிலிருந்து வேறொரு தாளை எடுத்து உதறினார். "இந்த லட்சணத்துல, அம்மை குத்துற ஆளு இந்த ஊர்ல எட்டுக் கைப்பிள்ளைகளுக்குக் குத்தினேன்னு எழுதிக் குடுத்துருக்கான். பிறக்காத பிள்ளைக்கு எந்தக் கையிலய்யா குத்துனான்? கள்ளக்கணக்கு. அவனுக்கும் இருக்கு கச்சேரி."

முன்சீப் கருப்பட்டிக் காப்பியை அவர் பக்கம் நகர்த்தினார். "சாப்பிடுங்கய்யா. பெரியகுளத்துலருந்து வெயில்ல வந்துருக்கீக. அய்யாவுக்குப் பிள்ளைக எத்தனை?"

"பிறந்தது மூணு," என்றார் ஜெபமணி. காப்பியை அவர் தொடவில்லை.

பிறகு எழுந்தார். "நேரமாகுது. புதைச்ச இடத்தக் காட்டு. இல்லன்னா சின்னமனூர் ஸ்டேசனுக்கு நட."

ஒச்சாண்டி மண்வெட்டியோடு வந்துவிட்டான். மூக்கம்மாள் அப்படியே தரையில் மடங்கினாள். "முன்சீப்பையா, என்னயக் கொலைகாரின்னு கொண்டு போகப்போறாக! சொல்லிருங்கய்யா!"

சங்கரலிங்கம் துண்டால் கழுத்தைத் துடைத்தார். சாவடி வாசலுக்கு வந்து, தெருப் பக்கம் வாயைக் குவித்துக் கத்தினார்:

"ஏலே, செத்துப் பிறந்ததுகளையெல்லாம் தூக்கிட்டு வாங்கலே!"

தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று, அக்காள் கையைப் பிடித்துத் தத்தித் தத்தி ஒன்று. அதில் ஒன்று நேரே மேசையருகே வந்து, தன் சாவு எழுதியிருந்த பக்கத்தின் ஓரத்தை வாயில் வைத்துச் சப்பியது.

ஜெபமணி எண்ணினார். பதினொன்று. மறுபடி எண்ணினார். பதினொன்றேதான்.

"மேகமலைத் தோட்டத்துக்குப் போனவுகளோட காய்ச்சலும் ஊருக்குள்ள எறங்கிருச்சுய்யா," என்றார் முன்சீப் மெல்ல. "முப்பத்துநாலுல உயிரோட பிறந்ததுன்னு நான் எழுதியிருந்த ஒம்பதும் ஒரே மாசத்துல போயிருச்சு. அப்பப் பிறந்த இந்த அய்யம்மா மகன மட்டும் கட்டம் மாத்தி எழுதிட்டேன். கைத்தப்பு. அது ஒண்ணுதான் தங்குச்சு. பெறகு ஊரே வந்து நின்னாக, எம்பிள்ளையவும் அந்தக் கட்டத்துலயே போடுங்கன்னு."

"பொய்ப் பதிவு," என்றார் ஜெபமணி. சிவப்பு மைப் பேனாவைத் திறந்தார். "பதினொண்ணையும் அடிச்சுத் திருத்தணும்."

அய்யம்மாள் மகனைச் சேலை முந்திக்குள் இழுத்து மூடினாள். "திருத்திப்புடாதீகய்யா! செத்தவன்னு எழுதியிருந்தா எமன் தேடி வரமாட்டான். நீங்க திருத்துனா, இவன் இங்கன இருக்கான்னு அவனுக்குத் தெரிஞ்சிரும்."

மற்ற பெண்களும் பிள்ளைகளின் முகத்தை மூடினார்கள். பேனா முனை முதல் பதிவின் மேல் வந்து நின்றது. ஒரு சொட்டுச் சிவப்பு அதில் திரண்டு தொங்கியது. சாவடியில் யாரும் மூச்சு விடவில்லை. உத்தரவுப்படி பார்த்தால் அந்த நிமிஷத்தில் எல்லாரும் செத்துப் பிறந்தவர்கள்தான்.

சொட்டு மேசையில் விழுந்தது. ஜெபமணி பேனாவை மூடினார்.

"எல்லாரும் வீட்டுக்குப் போங்க," என்றார். கடைசிப் பிள்ளையும் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்தார். ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு முன்சீப்பின் காதருகே குனிந்தார்.

"வர்ற மாசம் எஞ்சம்சாரத்தப் பிரசவத்துக்கு இங்கன கூட்டியாரேன்... அழுதாலும், அழலைன்னே எழுதிருங்கய்யா."