இரண்டாம் மணி

ஊரையே எழுப்புகிறவன் என்று மாதாகோயில் மணிக்கு ஏகப்பெருமை. சாமியார் முடிச்சுப் போட்டு வைத்த அவன் மனைவி கயிறு, ஏதாவது சொல்ல அசைந்தாலே போதும், தன்னைத்தான் பேசச் சொல்கிறாள் என்று முழங்கிவிடுவான்.

ஒரு மார்கழி விடியலில் பூசைக்கு முதல் மணி அடித்தபோது கோபுரமெல்லாம் பனிமூட்டம். அவன் சத்தம் பனிக்குள் அமிழ்ந்துபோனது. அந்த அமைதியில் மெல்லிய குரல் கேட்டது.

“ஏங்க, என் மூணு புரியில ரெண்டு அறுந்துபோச்சு.”

“எப்போ?”

“ஒண்ணு பாஸ்கா பண்டிகை அன்னிக்கு, இன்னொண்ணு மாதா திருநாளுக்கு. அப்பவும் சொன்னேன். நீங்க ஊருக்குப் பிரசங்கம் பண்ணிக்கிட்டிருந்தீங்க.”

இரண்டாம் மணிக்காகக் கோயில்பிள்ளை கயிற்றை இழுத்தார். அவளுக்கு வலிக்காதபடி மணி அவள் பக்கமே வளைந்துகொடுத்தான். நாக்கை மட்டும் அசைக்கவில்லை.

“ஊர் கொஞ்சம் தூங்கட்டும்,” என்றான். “நீ சொல்லும்மா.”