கண் விழித்த போர்டு

“மாப்பிள்ளை, அந்தம்மா படியேறி வர்றாங்க. முகத்தைத் துடைங்க. திருடன் மாதிரி வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு.”

“திருட்டுத்தனம்தானே மாமா பண்றோம்?”

“மெதுவா! சுவருக்கும் காது இருக்கு.”

மாப்பிள்ளை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி மேஜையை இன்னொரு முறை பார்த்தான். உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு. ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்புக்கு மூளை அதுதான். கரெண்ட் வந்ததும் அந்த மூளையைத் தட்டி எழுப்பும் முதல் புரோகிராமுக்குப் பூட்லோடர் என்று பெயர். அதை எழுதித் தரும் வேலை மாமனாரின் சின்னக் கம்பெனிக்குக் கிடைத்திருந்தது. இதுவும் கைவிட்டுப் போனால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்.

பூட்லோடரை மாப்பிள்ளை பழுதில்லாமல் எழுதி முடித்துவிட்டான். போர்டுதான் பிணமாகக் கிடந்தது. வாடிக்கையாளரின் பார்சலில் அது வந்த அன்று, பிரித்த அவசரத்தில், வேறு ஏதோ மெஷினின் அடாப்டரை எடுத்துச் செருகிவிட்டான். அதில் வோல்ட் அதிகம். அப்புறம் சரியான அடாப்டரைப் போட்டு, தட்டி, ஊதி, கெஞ்சியும் பார்த்தாயிற்று. போர்டு கண் திறக்கவில்லை. சிப்பை மூடியிருந்த தகர மூடியில் வாடிக்கையாளரின் சீல் இருந்ததால் திறந்து பார்க்கவும் பயம்.

“எரிச்சுட்டேன்னு சொல்லிடறேன் மாமா” என்று அன்றே சொன்னான். மாமனார் கேட்டால்தானே?

அதனால் இன்று லேப்டாப்புக்குள் எமுலேட்டர். போர்டு செய்வதையெல்லாம் திரையில் அப்படியே செய்துகாட்டும் பொய்ப் போர்டு அது. பூட்லோடர் ஓடப்போவது அதில்தான். நிஜப் போர்டிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு வயர், சும்மா அலங்காரத்துக்கு. போர்டின் ஓரத்தில் ஒரு பச்சை விளக்கை மாமனாரே பசை போட்டு ஒட்டி, அடாப்டரோடு இணைத்திருந்தார். பொய்யிலும் ஒரு லட்சணம் வேண்டும் என்பது அவர் கட்சி.

வாடிக்கையாளர் கம்பெனியின் தலைமை இன்ஜினீயர் உள்ளே வந்தார். நரைத்த தலை, தோளில் கறுப்புப் பை. உட்கார்ந்ததும் பையை மடியில் வைத்துக்கொண்டு, “முதல்ல நான் ஒரு விஷயம் சொல்லணும்” என்று ஆரம்பித்தார்.

மாமனாருக்குப் பகீரென்றது. ஆர்டரை ரத்து பண்ணத்தான் வந்திருக்கிறார்!

“முதல்ல ஓட்டிக் காட்டிடறோம் மேடம். அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் பேசலாம். மாப்பிள்ளை, போடுங்க!”

மாப்பிள்ளை வலது கையால் அடாப்டர் சுவிட்சைத் தட்டினான். இடது கையால் லேப்டாப்பில் ஒரு கீயை அமுக்கினான். பச்சை விளக்கு எரிந்தது. திரையில் வரி வரியாகப் பூட்லோடர் ஓடியது.

“எது மேல ஓடுது இது?”

“நீங்க அனுப்பின போர்டு மேலதான் மேடம்” என்றார் மாமனார்.

“இந்தப் போர்டு மேலயா?”

“பின்னே? பச்சை விளக்கு எரியுது பாருங்க.”

அந்த அம்மா குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“மெமரி ரெண்டு மடங்கு காட்டுதே?”

எமுலேட்டரில் அந்த அளவை மாற்ற மறந்திருந்தான்.

“எங்க மாப்பிள்ளை சிக்கனமா எழுதுவார் மேடம். அதுல மிச்சமானது” என்றார் மாமனார்.

“சூடாகுதா?” அந்த அம்மா தகர மூடியை நோக்கி விரலை நீட்டினார்.

“தொடாதீங்க, கொதிக்கும்!”

தொட்டுப் பார்த்தார். விரலை அங்கேயே வைத்திருந்தார்.

“மேடம், நான் ஒண்ணு சொல்லிடறேன்…” மாப்பிள்ளைக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

“டீ சொல்லட்டுமான்னு கேக்கறார்” என்றார் மாமனார். மேஜைக்கடியில் அவர் செருப்பு மாப்பிள்ளையின் காலை நசுக்கியது.

“டீ வேண்டாம். கரெண்ட் போய் வந்தா இது தானா எழுந்திருக்குமா? ஆஸ்பத்திரியில அதுதான் முக்கியம். இருங்க, அடாப்டர் வயரை நானே பிடுங்கறேன்.”

ஒத்திகையில் இது இல்லை. மாப்பிள்ளை விரலைக் கீ மேல் வைத்தான். முந்தினாலும் மானம் போகும், பிந்தினாலும் போகும். அவன் அந்த அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெடுக்கென்று பிடுங்கினார். பச்சை விளக்கு அணைந்தது. அதே நொடி அவன் கீயை அமுக்க, திரையும் அணைந்தது.

மறுபடி செருகினார். விளக்கு எரிந்தது. அவன் இன்னொரு முறை அமுக்க, திரையில் வரிகள் ஓடின.

“பார்த்தீங்களா மேடம்! தூங்கி எழுந்த குழந்தை மாதிரி!” மாமனாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்த அம்மா பையைத் திறந்து, அச்சு அசலாக அதே மாதிரி இன்னொரு போர்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

“வந்ததுமே சொல்ல வந்தேன், நீங்க விடலை. பம்ப் பெட்டிக்குள்ள பொருந்துதான்னு அளவு பார்க்கறதுக்காகச் செஞ்ச வெறும் மாதிரியை எங்க ஆளுங்க உங்களுக்குத் தவறுதலா அனுப்பிட்டாங்க. மன்னிப்புக் கேட்டு, நிஜப் போர்டைக் கையில குடுத்துட்டுப் போகலாம்னுதான் நேர்ல வந்தேன்.”

சொல்லிக்கொண்டே பழைய போர்டின் சீலைக் கிழித்துத் தகர மூடியை நெம்பினார். உள்ளே சிப் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

“அப்போ… நான் இதை எரிக்கவே இல்லையா?” என்றான் மாப்பிள்ளை, மாமனார் காலை மிதிப்பதற்குள்.